கள்ளக்குறிச்சி, கல்லங்குறிச்சி, நாப்பத்தி மூணு கல்

போன மாசம் சென்னை நண்பர் ஒருத்தர் போன் பண்ணி, "என்னய்யா, உங்க ஊர்ல கடல் பாசில் எல்லாம் கிடைக்குதாமே, சொல்லவே இல்ல?"ன்னு கேட்டார். எங்கே படிச்சீங்கன்னு கேட்டா, இங்கிலீஷ்ல ஏதோ ஆராய்ச்சிக் கட்டுரையாம். அதுல ஊர் பேரு அப்படியே இருக்காம்.

அவர் மேல தப்பில்ல மக்களே. இங்கிலீஷ்ல எழுதினா ரெண்டு பேருக்கும் ஒண்ணு ரெண்டு எழுத்துதான் வித்தியாசம். தமிழ்ல எழுதினா குழப்பமே கிடையாது. எங்க ஊரு கள்ளக்குறிச்சி, பெரிய ள. 2019 நவம்பர்ல விழுப்புரத்துல இருந்து பிரிஞ்சு தனி மாவட்டம் ஆச்சே, அந்த ஊரு. அவர் படிச்சது கல்லங்குறிச்சி, சின்ன ல. அரியலூருக்குப் பக்கத்துல இருக்கற கிராமம். கலியுக வரதராஜப் பெருமாள் கோயில் இருக்கற ஊரு. அங்க மூலவர் சிலையா இல்ல, கம்பமா நிக்கிறார். கோயிலுக்குப் போறவங்களுக்கு அந்தப் பேரு தெரியும். உலகம் பூரா இருக்கற நிலவியல்காரங்களுக்கும் தெரியும். ஏன்னா அந்தப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் அடுக்குக்கே 'கல்லங்குறிச்சி அடுக்கு'ன்னுதான் பேரு வச்சிருக்காங்க. நம்ம பக்கம் ஒரு குக்கிராமத்தோட பேரு அப்படி உலகம் சுத்தி வருது.

எங்க பெரிய ள ஊர்ல பாசில் கிடைக்குமா? வாய்ப்பே இல்ல. மேற்கே பார்த்தா கல்வராயன் மலை தெரியும். கச்சிராயபாளையம் தாண்டி கோமுகி அணை வழியா வெள்ளிமலைக்கு பஸ் ஏறினீங்கன்னா ரோட்டோரம் வெட்டி விட்ட பாறையைப் பாருங்க. கொஞ்சம் நீலம் கலந்த கறுப்பு, எண்ணெய் தடவின மாதிரி பளபளப்பு. அதுக்கு சார்னோக்கைட்னு பேரு. கல்கத்தாவை நிறுவினதா சொல்ற ஜாப் சார்னாக் இருந்தாரே, அவரோட கல்லறைக் கல்லைப் பார்த்துட்டு ஹாலண்டுங்கற நிலவியலாளர் வச்ச பேரு அது. நம்ம பல்லாவரம் மலையும் அதே ஜாதிக் கல்லுதான். வயசு ஏறக்குறைய 250 கோடி வருஷம். பூமிக்குள்ள ரொம்ப ஆழத்துல, பயங்கரச் சூட்டுல வெந்து வந்த கல்லு. அந்தக் காலத்துல உலகத்துல இருந்ததே கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்ங்கதான். அப்படியே ஒரு மீனோ சிப்பியோ இருந்திருந்தாலும் அந்தச் சூட்டுல மிஞ்சியிருக்காது. ஆக, கல்வராயன் மலையில சாமை கிடைக்கும், தேன் கிடைக்கும், மேகம் அருவியில குளிக்கலாம். பாசில் கிடைக்காது.

ஆனா எங்க ஊருக்கும் அந்தக் கடலுக்கும் சம்பந்தமே இல்லேன்னு சொல்லிட முடியாது. அதுக்கு அப்புறம் வர்றேன். பதிவு கொஞ்சம் நீளம்தான், டீயோட உக்காருங்க.

எங்க தாய்மாமா அரியலூர் பக்கம். எழுபதுகளோட கடைசியில இருந்து முப்பது வருஷத்துக்கு மேல டிப்பர் லாரி ஓட்டினவர். சுரங்கத்துல சுண்ணாம்புக்கல் ஏத்தி சிமெண்ட் ஆலையில கொட்டிட்டு வரணும், அதான் வேலை. ஒரு நாளைக்கு எத்தனை நடையோ அத்தனை காசு. லோடு ஏறுறப்போ சும்மா நிக்கற நேரத்துல கீழே கெடக்கற கல்லைப் பொறுக்குவார். எல்லாக் கல்லையும் இல்ல, 'பூ' இருக்கற கல்லை மட்டும். முதுகுல அஞ்சு இதழ் விரிச்ச மாதிரி ஒரு பூ இருக்கும். யாரோ உளி வச்சுச் செதுக்கின மாதிரியே இருக்கும். அதுக்கு அவர் வச்ச பேரு பூக்கல்லு. ஒரு பெரிய பிஸ்கட் டின்னுல போட்டு பரண் மேல வச்சிருந்தார். சின்ன வயசுல லீவுக்குப் போறப்போ டின்னை இறக்கித் தருவார், நாங்க கடை வச்சு விளையாடுவோம். அதுல ரொம்பப் பெரிய கல்லை அத்தை கதவு சாத்தாம இருக்க அண்டக் கொடுத்திருந்தாங்க. இன்னிக்கும் அது அங்கதான் இருக்கு. (கொசுவத்தி சுத்துறது இத்தோட போதும்.)

இணையத்துல இந்த மாதிரிக் கல்லோட படத்தைப் போட்டா உடனே 'சாண்ட் டாலர் பாசில்'னு சொல்லிடறாங்க. சாண்ட் டாலர்ங்கறது கடல்ல மணலுக்குள்ள வாழ்ற ஒரு ஜீவன். அமெரிக்காக்காரன் வெள்ளி டாலர் காசு மாதிரி இருக்குன்னு அந்தப் பேரை வச்சான். நமக்கு டாலர்னா சங்கிலியில தொங்குற டாலர்தானே? யோசிச்சுப் பார்த்தா அதுவும் பொருத்தம்தான். ராமேஸ்வரத்துல சங்கு விக்கற கடையில ஒண்ணு வாங்கி வச்சிருக்கேன். தட்டையா, உள்ளங்கை அகலத்துல, வெள்ளையா, நடுவுல அஞ்சு இதழ்ப் பூவோட இருக்கு. ஒரு வளையம் மாட்டினா போதும், டாலரேதான்.

அந்த வெள்ளை செத்ததுக்கு அப்புறம் வெயில்ல வெளுத்து வர்ற நிறம். உசுரோட இருக்கறப்போ பழுப்பு, ஊதான்னு இருக்கும். உடம்பு பூரா பொடிப் பொடி முள்ளு, தொட்டா வெல்வெட் துணி மாதிரி. ஆயிரக்கணக்கான அந்த முள்ளை அலை அலையா அசைச்சுத்தான் மணலுக்குள்ள நகரும். கடல் முள்ளெலி, நட்சத்திர மீன், கடல் அட்டை எல்லாம் இதுக்கு அண்ணன் தம்பிங்க. முட்தோலிகள்னு ஸ்கூல்ல படிச்சிருப்போம், அந்தக் குடும்பம்.

முதுகுல இருக்கற பூ அழகுக்கு இல்ல. மூச்சு விடறதுக்கு! ஒவ்வொரு இதழோட ஓரத்துலயும் வரிசையா ஊசித்துளைங்க இருக்கும். அது வழியா மெல்லிசான குழாய்க்கால்கள் வெளியே வந்து, தண்ணியில இருக்கற ஆக்சிஜனை எடுத்துக்கும். வாய் அடியில இருக்கு. ராமேஸ்வரம், பாக் ஜலசந்தி, மன்னார் வளைகுடா பக்கம் கிடைக்கற எகைனோடிஸ்கஸ்ங்கற வகைக்கு பின்பக்கம் ரெண்டு நீளப் பிளவு இருக்கும். ஓடு தட்டையா இருக்கறதால, நீரோட்டம் மேலே ஓடுறப்போ அப்பளத்தைக் காத்து தூக்கற மாதிரி தூக்கிடும். பிளவு வழியா தண்ணி கசிஞ்சு போனா அந்தத் தூக்கல் குறையும்னு சொல்றாங்க.

இன்னும் ரெண்டு விஷயம் சொல்லாம நகர மனசு வரல. அமெரிக்காவோட மேற்குக் கரையில இருக்கற ஒரு சாண்ட் டாலர், குட்டியா இருக்கறப்போ மணல்ல இருக்கற கனமான இரும்பு மணலா பொறுக்கி முழுங்கிக்கும். அலை அடிச்சுட்டுப் போகாம இருக்க வயித்துல எடை கட்டிக்கிற மாதிரி. நாங்க சின்ன வயசுல கோமுகி ஆத்து மணல்ல காந்தத்தை விட்டுத் துழாவுவோம், கறுப்பா மீசை மாதிரி ஒட்டுமே, அந்த ஜாதி மணல்தான். அதே சாண்ட் டாலரோட இளம்புழு, மீனோட சளி வாடை தண்ணியில தெரிஞ்சா ரெண்டா பிரிஞ்சு தன்னையே நகல் எடுத்துக்குதாம். ஆள் சின்னதாயிட்டா மீன் கண்ணுல படாதுல்ல. 2008ல சயின்ஸ் இதழ்ல இது வந்துச்சு.

சரி, மேட்டருக்கு வருவோம். மாமாவோட பூக்கல்லு சாண்ட் டாலரா? இல்ல. அது பழைய ஆளு.

உண்மையான சாண்ட் டாலர் கூட்டத்தோட எச்சங்கள் டைனோசர் எல்லாம் முடிஞ்சு பல லட்சம் வருஷம் கழிச்சுத்தான் பாறையில தென்பட ஆரம்பிக்குது. அந்தப் பெரிய அழிவு நடந்தது 6.6 கோடி வருஷத்துக்கு முன்னாடி. அதுக்கப்புறம் வந்த பேலியோசீன் காலக் கடைசியில ஆப்பிரிக்காவோட மேற்குப் பக்கத்துல சின்னச் சின்னதா தலைகாட்டி, ஈயோசீன் காலத்துல உலகம் பூரா பரவிருச்சு. இந்தியாவுல அந்தக் கூட்டத்தோட பாசில் வேணும்னா குஜராத்ல கட்ச் பக்கம் போகணும். கல்லங்குறிச்சி அடுக்கு அதுக்கெல்லாம் முந்தினது. ஏறக்குறைய 7 கோடி வருஷம். கிரிட்டேசியஸ் காலத்தோட கடைசிக் கட்டம்.

மாமா டின்னுல அதிகமா இருக்கறது ஸ்டிக்மாடோபைகஸ் எலாட்டஸ்னு ஒண்ணு. எலாட்டஸ்னா லத்தீன்ல உயரமானதுன்னு அர்த்தம். பேருக்கு ஏத்த மாதிரி, தட்டையா இல்லாம மேல குவிஞ்சு, கவுத்து வச்ச குழிப்பணியாரம் மாதிரி இருக்கும். மேல அதே அஞ்சிதழ்ப் பூ. திருப்பிப் பார்த்தா வாயைச் சுத்தியும் குட்டியா இன்னொரு பூ. பின்பக்கம் ஒரு பள்ளம், அது கழிவு வெளியேர்ற வாசல். வட்டமா இருக்கற சாதாரண கடல் முள்ளெலிக்கு அந்த வாசல் உச்சந்தலையில இருக்கும். மணலுக்குள்ள புதைஞ்சு ஒரே திசையில நகர்ற வாழ்க்கைக்கு அது சரிப்படுமா? அதனால இந்த வம்சத்துல கோடிக்கணக்கான வருஷத்துல அது கொஞ்சம் கொஞ்சமா பின்னாடி இறங்கி வந்துச்சு. முன் பின்னுன்னு ஒண்ணு இல்லாத வட்ட உடம்புக்கு முன்னும் பின்னும் வந்தது அப்படித்தான். சாண்ட் டாலர்களோட முன்னோர் இந்தப் பணியாரக் கூட்டத்துக்கு நெருங்கின சொந்தத்துல இருந்துதான் வந்திருக்கணும்னு ஆராய்ச்சியாளர்கள் சொல்றாங்க. ஆக மாமா கையில இருக்கறது டாலர் இல்ல, டாலரோட பெரியப்பா.

சாண்ட் டாலருக்கு வாய்க்குள்ள அஞ்சு பல்லு உண்டு. அந்தத் தாடை அமைப்புக்கு அரிஸ்டாட்டில் விளக்குன்னு பேரு. ஸ்டிக்மாடோபைகஸ் கூட்டத்துல வளர்ந்ததுக்கு அது கிடையாது. பொக்கை வாய். வாயோரக் குழாய்க்காலால மணல் துணுக்கை அள்ளி உள்ள தள்ளி, அதுல ஒட்டியிருக்கற சத்தை மட்டும் உறிஞ்சிக்கிட்டு மிச்சத்தைப் பின்னாடி தள்ளிட்டே போகும்.

அந்தக் கடல் எப்படி இருந்திருக்கும்? இந்தியா அப்போ தனித் தீவு. மடகாஸ்கரை விட்டுப் பிரிஞ்சு, பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருந்துக்கிட்டு வடக்கு நோக்கி வந்துக்கிட்டு இருந்துச்சு. இன்னிக்கு அரியலூர் இருக்கற இடம் ஆழம் கம்மியான கடல். அடியில கனத்த ஓடு உள்ள சிப்பிங்க திட்டுத் திட்டா குவிஞ்சு கிடந்துச்சு. இப்பவும் கல்லங்குறிச்சி பக்கத்துச் சுண்ணாம்புக்கல்லை உடைச்சா சிப்பி மேல சிப்பியா அடுக்கி இருக்கறதைப் பார்க்கலாம். அந்தத் திட்டுகளுக்கு நடுவுல மணல். மணலுக்குள்ள பூக்கல்லு. மேற்கே? மேற்கே மேட்டு நிலம். எங்க பக்கத்துப் பாறைங்க மாதிரியான பழம்பாறை நிலம் மழையில கரைஞ்சு, மணலா அந்தக் கடலுக்குள்ள போய் விழுந்துச்சு. எங்க ஊருக்கும் அந்தக் கடலுக்கும் சம்பந்தம் உண்டுன்னு சொன்னேனே, அது இதுதான். கடலைக் கொடுக்கல, மணலைக் கொடுத்தோம்!

அந்த வேலை இன்னிக்கும் நடக்குது. கல்வராயன்ல இருந்து கோமுகி இறங்கி மணிமுத்தாத்துல சேருது. மணிமுத்தாறு விருத்தாசலம் தாண்டி கூடலையாத்தூர்ல வெள்ளாத்துல கலக்குது. வெள்ளாறு பரங்கிப்பேட்டையில கடல்ல விழுது. அந்த முகத்துவாரத்துலதான் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோட கடல் உயிரியல் உயராய்வு மையம் இருக்கு. இன்னும் பல கோடி வருஷம் கழிச்சு யாராவது அந்தக் கடலடியைத் தோண்டினா, கல்வராயன் மணலுக்குள்ள இன்னிக்கு வாழ்ற முள்ளெலி ஓடு கிடைக்கும்.

வரலாறு பக்கம் கொஞ்சம். 1840ல பாண்டிச்சேரி பக்கத்துல கேய்ங்கற மதராஸ் சிவில் சர்வீஸ் அதிகாரி இந்த மாதிரி பாசில்களைப் பார்த்தார். அவரும் கன்லிஃப்னு இன்னொருத்தரும் பாண்டிச்சேரி, விருத்தாசலம், திருச்சி வட்டாரத்துல பொறுக்கினதை லண்டனுக்கு அனுப்பினாங்க. எட்வர்ட் ஃபோர்ப்ஸ் அதையெல்லாம் பார்த்து 1846ல எழுதினார். எலாட்டஸ்ங்கற பேரு அவர் வச்சதுதான். அப்புறம் இந்திய நிலவியல் ஆய்வுத்துறையோட ஹென்றி பிளான்ஃபோர்டு இந்த வட்டாரம் பூரா அலைஞ்சு, பாறையை உத்தத்தூர், திருச்சி, அரியலூர்னு மூணு தொகுதியா பிரிச்சு, 1862ல புத்தகமா போட்டார். அந்தப் பிரிவுங்கதான் இன்னிக்கு வரைக்கும் அடிப்படை. ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா கல்கத்தாவுல உக்காந்து அந்த பாசில்களை ஒவ்வொண்ணா படம் போட்டு விவரிச்சார். முட்தோலிகள் பத்தின பகுதி 1873ல வந்துச்சு. அடுத்த வருஷமே யார்க்கண்ட் பயணத்துல இருந்து திரும்பறப்போ லடாக் மலையில மூச்சு முட்டிச் செத்துப் போனார். வயசு 36. லேயில கல்லறை இருக்கு.

இவங்க எல்லாரும் ஒரு விஷயத்துல கறாரா இருந்தாங்க. எந்தக் கல்லு எந்த ஊர்ல கிடைச்சதுன்னு எழுதி வச்சாங்க. ஊர் பேரு இல்லாத பாசில் அட்ரஸ் இல்லாத கடுதாசி மாதிரி. அழகா இருக்கும், ஷோகேஸ்ல வைக்கலாம். ஆனா எந்த அடுக்கு, எந்தக் காலம், கூட வேற என்ன வாழ்ந்துச்சு, எதுவுமே சொல்லாது.

மாமா டின்னுல ஒரு துண்டுச் சீட்டு கூட கிடையாது. எல்லாம் அவர் மண்டைக்குள்ள இருக்கு. அந்த மண்டைதான் இப்போ கொஞ்சம் கொஞ்சமா காலியாகிட்டு இருக்கு.

ரெண்டு வருஷமா அவருக்கு மறதி நோய். காலையில என்ன சாப்பிட்டார்னு தெரியாது. அத்தையைப் பார்த்து "நீங்க யாருங்க, எப்ப வந்தீங்க"ன்னு மரியாதையா கேட்டாராம். அத்தை அதைச் சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாங்க. சொல்லிட்டு அடுப்படிக்குப் போயிட்டாங்க.

இதுக்கு நடுவுல மாமா பையன், எனக்கு மச்சான் முறை, டின்னை விக்கலாம்னு ஒரு யோசனை பண்ணினான். எவனோ கல்லு ஒண்ணுக்கு எரநூறு ரூபா தர்றேன்னு சொல்லியிருக்கான். மருந்துச் செலவு மாசாமாசம் இருக்கு, அவனைத் திட்ட எனக்கு மனசு வரல. "ஆறு மாசம் டைம் குடு மாப்ள, அப்புறம் பேசுவோம்"னேன். அப்போ டின்னுல இருந்தது 43 கல்லு. முள்ளெலி 19. சிப்பி 14. துப்பாக்கிக் குண்டு மாதிரி நீளமா இருக்கற பெலம்னைட் 6. சுருண்ட அம்மோனைட் 3. கல்மரத் துண்டு ஒண்ணு.

கள்ளக்குறிச்சியில இருந்து சின்னசேலம், பெரம்பலூர் வழியா அரியலூருக்கு பஸ்ஸுல மூணு மணி நேரத்துக்குக் குறையாது. மூணு தடவை போனேன். முதல் தடவை ஒரு கல்லை கையில குடுத்து, "மாமா, இது எந்த ஊர்ல எடுத்தீங்க?"ன்னு கேட்டேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்லாருக்கு. யாரு செஞ்சது?"ன்னு கேட்டார். அவ்வளவுதான்.

ரெண்டாவது தடவை மச்சான்தான் ஒரு வழி சொன்னான். "ஊர் பேரு கேக்காதீங்க. ரோடு கேளுங்க." சரின்னு, "மாமா, இதை ஏத்தினப்போ லாரி எப்படிப் போச்சு?"ன்னு ஆரம்பிச்சேன். மனுஷன் நிமிர்ந்து உக்காந்துட்டார்!

"எறக்கத்துல ரெண்டாவது கியருலதான் வரணும் மாப்ள. பிரேக்க நம்பக்கூடாது. வலது கை பக்கம் கோயிலு கோபுரம் தெரியும். சனிக்கிழமைன்னா கூட்டம், ஆரன் அடிச்சுக்கிட்டே வரணும்."

கோபுரம், சனிக்கிழமைக் கூட்டம். பெருமாள் கோயிலு. கல்லங்குறிச்சிதான்! எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சு போச்சு. இன்னொரு கல்லைக் குடுத்தா, "இங்க டீ நல்லாருக்காது"ன்னார். டீக்கடை பேரு சொல்லி, அங்க கடன் வச்சிருந்த கணக்கு கூடச் சொன்னார். மச்சானுக்கு அந்தக் கடை தெரிஞ்சிருந்துச்சு. கல்லைக் கையில வாங்கினதும் அவர் விரல் தானா அந்தப் பூ மேல போகுது. இதழை ஒவ்வொண்ணா தடவிக்கிட்டே பேசறார். நாங்க ஆளுக்கொரு பக்கம் நோட்டுல எழுதினோம்.

அவர் சொல்றதை அப்படியே நம்பிட முடியாதே, சரிபார்க்கணும். அதுக்குக் கல்லுலயே சாட்சி இருக்கு. கல்லங்குறிச்சி அடுக்குன்னா மஞ்சளும் காவியும் கலந்த சொரசொரப்புச் சுண்ணாம்புக்கல்லு, இடுக்குல சிப்பித் துண்டு ஒட்டியிருக்கும். காரை பக்கத்து மண்ணுன்னா வெளிறின களிமண்ணு. அங்கதான் பெலம்னைட் மழையில கழுவித் தன்னால மேல வந்து கிடக்கும், கூடவே கண்ணாடிச் சில்லு மாதிரி ஜிப்சம். கருடமங்கலம்னா கறுப்புச் சிப்பிக்கல்லு. நிண்ணியூர்னா வெளுப்பு, அது டைனோசர் போனதுக்கு அப்புறம் உண்டான அடுக்கு. கல்லோட இடுக்குல இருக்கற அழுக்கும் மாமா சொன்ன ரோடும் ஒத்துப் போச்சுன்னா சீட்டு எழுதி ஒட்டுவேன். ஒத்துப் போகலேன்னா கேள்விக்குறி. ரெண்டு கல்லுலதான் ஒத்துப் போகல. முப்பது வருஷ ஞாபகத்துக்கு அது மோசமா என்ன?

முள்ளெலியோட ஓட்டுல ஒவ்வொரு தகடும் ஒரே கால்சைட் படிகம். அதனால உடைஞ்ச இடத்துல வெயில் பட்டா கற்கண்டு மாதிரி மினுக்கும். "இது உசுரு இருந்ததுதான மாமா?"ன்னு கேட்டேன். "பின்ன? பூ பூத்துருக்குல்ல"ன்னார்.

அரியலூர்னா எல்லாரும் டைனோசர்னுதான் கேக்கறாங்க. 1987ல யாதகிரி, அய்யசாமின்னு ரெண்டு நிலவியலாளர்கள் கல்லமேட்டுல கிடைச்ச ராட்சச எலும்புக்கு புருகத்காயோசாரஸ்னு பேரு வச்சாங்க. உலகத்துலயே பெரிய டைனோசர்ல ஒண்ணா இருக்கலாம்னு இன்னமும் பேச்சு ஓடுது. ஆனா எலும்பு இப்போ இல்ல. பொலபொலன்னு உதிர்ந்து போச்சு. மிச்சம் இருக்கறது எழுதி வச்சதும் சில படங்களும்தான். 2020ல குன்னம் பக்கத்துல டைனோசர் முட்டைன்னு வாட்ஸப்ல ஒரே அமளி. போய்ப் பார்த்த நிபுணர்கள் அம்மோனைட்டைச் சுத்தி உருண்டையா இறுகின கல்லுன்னு சொல்லிட்டாங்க. பாவம், பூக்கல்லுக்கு மட்டும் இப்படி ஒரு விளம்பரம் கிடைச்சதே இல்ல.

சிமெண்ட் பத்தி ரெண்டு வார்த்தை. கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல்லுதான் அந்த வட்டாரத்து ஆலைகளுக்குத் தீனி. நம்ம வீட்டுச் சுவத்துல 7 கோடி வருஷத்துச் சிப்பி எத்தனை அரைபட்டுக் கிடக்கோ. சுரங்கம் தோண்டலேன்னா இந்த பாசில் வெளியவே வந்திருக்காது, அதுவும் நெசம். தோண்டி எடுத்ததுல லட்சத்துல ஒண்ணைக் கூட யாரும் பார்க்கறதில்ல, அதுவும் நெசம். பார்த்தவர்ல ஒருத்தர் மாமா. அதுக்கு நடைக்கூலியில பத்துப் பைசா சேர்த்துக் குடுத்தவங்க யாருமில்ல.

நீங்களும் போய்ப் பொறுக்கலாமான்னு கேட்டா: சுரங்கத்துக்குள்ள அனுமதி இல்லாம கால் வைக்காதீங்க, சட்டம் ஒரு பக்கம், உசுரு ஒரு பக்கம். சாத்தனூர் கல்மரம், திருவக்கரை கல்மரம் ரெண்டும் தேசியச் சின்னம், ஒரு சில்லு கூட எடுக்கக்கூடாது. மத்த இடத்துல போட்டோ எடுங்க, இடத்தைக் குறிச்சுக்குங்க, அரிய பொருளா தெரிஞ்சா ஏதாவது கல்லூரி நிலவியல் துறைக்குச் சொல்லுங்க. வாரணவாசியில ஒரு பாசில் அருங்காட்சியகம் இருக்கு, பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போனா நல்லா பொழுது போகும்.

மூணாவது தடவை போறப்போ மாமா ரொம்பச் சோர்ந்திருந்தார். நாலு கல்லுக்கு மேல ஓடல. கணக்கு இப்படி நிக்குது: ரோடும் மண்ணும் ஒத்துப் போனது 28. மண்ணை மட்டும் வச்சு அடுக்கு சொல்ல முடிஞ்சது 6. ஒண்ணுமே தெரியாதது 9. சீட்டுல மாமா சொன்னதையும் அப்படியே எழுதியிருக்கேன். உதாரணத்துக்கு ஒண்ணு:

'எண் 17. ஸ்டிக்மாடோபைகஸ். கல்லங்குறிச்சி அடுக்கு, கோயிலுக்குக் கிழக்கே பழைய சுரங்கம். சொன்னது: எறக்கத்துல ரெண்டாவது கியரு. மழை பேஞ்ச அன்னிக்கு எடுத்தது.'

மச்சான் அந்தச் சீட்டுகளைப் படிச்சுட்டு ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம், வாங்கறேன்னு சொன்னவனுக்கு போன் போட்டு, கல்லு குடுக்கறதா இல்லேன்னுட்டான். மருந்துச் செலவுக்கு என்ன பண்றதுன்னு நாங்க ரெண்டு பேரும் பேசி ஒரு ஏற்பாடு பண்ணிக்கிட்டோம், அது வீட்டு விஷயம். டின்னை ஒரு கல்லூரிக்குக் குடுக்கறதா பேச்சு. அத்தை ஒரே ஒரு நிபந்தனை போட்டிருக்காங்க: கதவுக்கு அண்டக் கொடுத்திருக்கற கல்லு மட்டும் வீட்டுலயே இருக்கணும். அது அந்த 43ல சேராது. அது எங்கே எடுத்ததுன்னு அத்தைக்கே தெரியும். இவங்க கல்யாணம் ஆன வருஷம், முதல் முதலா லாரியில பக்கத்துல உக்காத்தி வச்சு சுரங்கத்தைக் காட்டக் கூட்டிட்டுப் போனப்போ எடுத்துக் குடுத்ததாம்.

தை மாசம் மறுபடியும் போறேன். மிச்சம் ஒம்போது கல்லு இருக்கு. இந்தத் தடவை மச்சான் ஒரு வண்டி ஏற்பாடு பண்றேன்னு சொல்லியிருக்கான், மாமாவை முன் சீட்டுல உக்கார வச்சு அந்த ரோட்டுலயே ஓட்டிப் பார்க்கலாம்னு.